புகைப்படம் அனுப்ப வேண்டாம், நேரில் போய் உட்காருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு எனக்கு ஐம்பது வயது. இந்த உடம்பு இருக்கிறபடியே, ஆடையில்லாமல், ஓர் ஓவியம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கணவருக்கும் சம்மதம். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் இருக்கும் ஓர் ஓவியரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். "அவ்வளவு தூரம் வர வேண்டாம், நாலைந்து படம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்து விலை சொல்கிறேன், அதை வைத்தே வரைந்தும் விடலாம்" என்கிறார். அனுப்பலாமா? நேரில் போனால் எத்தனை நாள் உட்கார வேண்டியிருக்கும்? மாமியார் மாதத்தில் பாதி நாள் எங்கள் கொண்டோவில்தான் தங்குவார். அவர் வரும்போது ஓவியத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அனுப்பாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலை சொல்வதற்கு எந்த ஓவியருக்கும் உங்கள் உடம்பைப் பார்க்கும் தேவை கிடையாது. கேன்வாஸ் அளவு, எண்ணெய் வண்ணமா கரிக்கோலா, முழு உருவமா இடுப்பு வரையா, பின்னணியில் என்னென்ன வரும், எத்தனை அமர்வு: இவ்வளவு தெரிந்தால் விலை வந்துவிடும். நிர்வாணம் என்பதற்காகவே கூடுதலாகக் கேட்டால் காரணம் கேளுங்கள். வேலை என்று பார்த்தால் ஜரிகைப் பட்டு கட்டிய உருவத்துக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

வாட்ஸ்அப்பில் போன படம் அவர் கைப்பேசியின் கேலரியில் தானாகச் சேமிக்கப்படலாம், அங்கிருந்து கிளவுடுக்கும், அதே கணக்கில் இருக்கும் வீட்டு டேப்லெட்டுக்கும் போகலாம். அவர் மனசாட்சியோடு அழித்தாலும் எத்தனை இடத்தில் அழிக்க வேண்டும் என்று அவருக்கே தெரியாது. இந்த வேலையில் பெரிய ஆபத்து கேன்வாஸில் இல்லை, படக் கோப்புகளில்தான் இருக்கிறது.

ஓவியத்தின் தரத்துக்காகவும் இதையே சொல்வேன். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அறைக்குள் கிட்டே நின்று எடுத்தால் முன்னால் இருக்கும் முழங்கால் வீங்கியும் தலை சிறுத்தும் விழும். ஓவியர் அதைப் பார்த்து அப்படியே போட்டுவிடுவார். எங்கோ இடிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும், எங்கே என்று சொல்லத் தெரியாது. இதைவிடப் பெரிய குறை தோல் நிறம். நம் மாநிறமும் கறுப்பும் நிழலில் செம்மையாகவும், வெளிச்சம் படும் மேட்டில் சற்று நீலமாகவும் இருக்கும். கைப்பேசியோ நிழலைக் கரியாக்கிவிடும், இல்லாவிட்டால் தானாகவே தோலை வெளுத்து வழவழப்பாக்கிவிடும். அதைப் பார்த்து வரைபவர் மேட்டுக்கெல்லாம் டைட்டானியம் வெள்ளையைக் கலக்கிறார். உடம்பு சுண்ணாம்பு பூசினாற்போல் சாம்பல் பூத்து நிற்கிறது. நம்மவர்களின் உருவப்படங்கள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கறுத்த நிறமுள்ள ஒருவரை நேரில் உட்காரவைத்து அவர் வரைந்த இரண்டு வேலைகள். முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்தை எல்லோரும் கவனமாகத்தான் போடுவார்கள். முழங்கை, முழங்கால், விரல் கணுக்கள், கழுத்து மடிப்பு, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாருங்கள். நம் உடம்பில் இந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பைத் தடவியிருந்தால் அவர் வேண்டாம். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், மஞ்சள் ஓக்கர், அல்ட்ராமரீன் நீலம், ஒரு சிவப்பு, வெள்ளை இருந்தால் நம் தோல் முழுவதையும் வரைந்துவிடலாம். ஒளி விழும் இடத்துக்கு வெறும் வெள்ளையை வைக்காமல், அதில் கொஞ்சம் நீலமும் துளி சியன்னாவும் கலந்து வைக்கத் தெரிந்தவரா என்பதுதான் கேள்வி.

அவருக்கு இப்படி எழுதுங்கள்: "படம் அனுப்பும் எண்ணம் இல்லை. 24க்கு 36 அங்குலம், எண்ணெய் வண்ணம், படுத்த நிலையில் முழு உருவம், பின்னணி வெறும் துணி, நேரில் ஆறு அமர்வு. விலையும் முன்பணமும் சொல்லுங்கள்." நேரில் பார்த்து வரையப் பழக்கமில்லை என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். அப்போது வேறு ஓவியரைத் தேட வேண்டும். மாடலை வைத்து வரையும் குழுக்கள் கோலாலம்பூரிலும் உண்டு. பினாங்கில் ஜாலான் குருத்வாராவில் இருக்கும் ஹின் பஸ் டிப்போ என்ற கலைக்கூடத்தின் பக்கம் ஒரு வாரக்கடைசியில் போய்ச் சுற்றிவந்தாலே யார் உருவம் வரைகிறார்கள் என்று விசாரித்துவிடலாம். "காசே வேண்டாம், என் கலைக்காக இலவசமாக வரைந்து தருகிறேன்" என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பணம் கொடுக்காத வேலையில் நிபந்தனை போடும் உரிமை உங்களுக்கு இருக்காது.

24க்கு 36 என்றதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தேகால் அடி உடம்பைப் பாதி அளவில் கிடத்தினால் 80 சென்டிமீட்டர் வரும். 91 சென்டிமீட்டர் அகலத்தில் இரு பக்கமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். தலை 11 சென்டிமீட்டர் அளவில் விழும், முகத்தில் சாயலைக் கொண்டுவர அது போதும். இதைவிடச் சிறிதானால் கண்ணும் விரலும் புள்ளியாகிவிடும். ஆளுயர ஓவியம் வேண்டுமென்றால் ஆறடிக் கேன்வாஸ் வேண்டும். கொண்டோ லிஃப்ட்டில் அது நுழையுமா என்று அளந்துவிட்டுப் பேசுங்கள். முழு அளவில் வரைந்த நிர்வாண உருவம் படுக்கையறையில் ஆளைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எண்ணெய் வண்ணத்தில் நேராக இறங்காமல் முதலில் ஒரே ஒரு கரிக்கோல் அமர்வுக்குப் பணம் கொடுத்து உட்காருங்கள் என்பது என் கருத்து. 50க்கு 70 சென்டிமீட்டர் அமிலமற்ற தாள், மூன்று மணி நேரம். அந்த அறை உங்களுக்கு ஒத்துவருகிறதா, அவர் பேச்சும் பார்வையும் சரியா, மூன்று மணி நேரம் ஆடையில்லாமல் இருப்பதை உங்கள் மனது ஏற்கிறதா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் கையில் ஒரு கோட்டோவியத்தோடு வந்துவிடலாம்.

பிடித்திருந்தால் எண்ணெய் வண்ணத்துக்கு மூன்று மணி நேர அமர்வுகள் ஆறு, சில கைகளுக்கு எட்டு. வாரத்துக்கு ஒரு முறை செந்தூலிலிருந்து பினாங்கு போய்வருவது நடக்காத காரியம். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என்று மூன்று வாரக்கடைசிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வைத்த வண்ணம் ஞாயிறு காலை ஈரமாகவே இருக்கும், ஈரத்தின் மேல் ஈரமாக அவர் தொடர்ந்து வேலை செய்யலாம். பிறகு இரண்டு வாரம் இடைவெளி விட்டால் அந்தப் படலம் பெரும்பாலும் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்துவிடும், அடுத்த வாரக்கடைசியில் அதன் மேல் வரையலாம். அம்பர் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காயும் என்பதால் நிழல் பகுதி காய்ந்தும் ஒளிப் பகுதி பிசுபிசுப்பாகவும் இருப்பது சகஜம். தீபாவளிக்கு முன் முடித்துத் தாருங்கள் என்று நெருக்காதீர்கள். அடியில் காயாத படலத்தின் மேல் வேகமாகக் காயும் படலத்தைப் போட்டால் பின்னாளில் மேற்பரப்பு வெடிக்கும்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம், அப்புறம் ஃபெரி. அத்தனை நேரம் ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் இடுப்பில் பட்டை பட்டையாகத் தழும்பு விழும், அது மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளாடைப் பட்டி, காலுறை, இறுக்கமான வளையல் எல்லாம் இதே கதைதான். தொளதொளப்பான பருத்தி உடையில் போங்கள், அல்லது முதல் நாள் இரவே போய்த் தங்குங்கள். அன்றைக்கு மஞ்சள் தேய்த்துக் குளிக்க வேண்டாம், தோல் நிறமே மாறித் தெரியும். ஆறு அமர்வு முடியும்வரை மருதாணி வைக்காதீர்கள், தலைமுடிச் சாயத்தை மாற்றாதீர்கள், கடற்கரை வெயிலில் கறுத்துவராதீர்கள். தாலி, மெட்டி, மூக்குத்தி போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்பதை முதல் அமர்விலேயே முடிவுசெய்யுங்கள். தாலியோடு இருக்கும் படம் ஒரு பொருள் தரும், இல்லாதது வேறு பொருள் தரும். இரண்டில் எது வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். நடுவில் மாற்றினால் மார்புப் பகுதி முழுவதையும் திரும்ப வரைய வேண்டிவரும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். 20 நிமிடம் அசையாமல் இருப்பது, 5 நிமிடம் ஓய்வு. மூன்றாவது சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் எழுந்து நடக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் உண்மையாகக் கிடைக்கும் வரையும் நேரம் இரண்டே கால் மணிதான். நின்ற நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முழங்காலைப் பூட்டி நின்றால் இரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். படுத்த நிலையிலும் தலையைக் கையில் ஏந்தியபடி இருக்கும் அழகான பாவனை பத்தாவது நிமிடத்தில் மரத்துப்போகும். தலையணையில் கையையும் தலையையும் முழுதாகச் சாய்த்துவிடுங்கள். கை, இடுப்பு, குதிகால் படும் இடங்களில் துணியின் மேல் நாடாவை ஒட்டி அடையாளம் வைப்பார்கள். அப்போதுதான் ஓய்வுக்குப் பின் அதே நிலைக்குத் திரும்ப முடியும்.

ஓய்வு நேரத்தில் போர்த்திக்கொள்ள ஒரு பாத்திக் கைலியும் மேலங்கியும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உடை மாற்றத் திரையோ தனி அறையோ இருக்க வேண்டும். ஓவியர் முன்னிலையில் ஆடை களைவது வழக்கமே இல்லை. கைலியோடு வந்து, இடத்தில் அமர்ந்தபின் அதை எடுத்துவைப்பதுதான் முறை. நிலையைத் திருத்த வேண்டுமானால் அவர் வாயால் சொல்லலாம், தானே செய்து காட்டலாம். தொட்டுத் திருத்துவது கிடையாது. குளிர்சாதனம் 26, 27 பாகையில் இருக்கட்டும். அசையாத உடம்புக்குக் குளிர் சீக்கிரம் ஏறும், தோல் சிலிர்த்தால் வரைய முடியாது. பகல் நேரத்து ஏடிஸ் கொசுவை ஓவியர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெற்றுடம்போடு கிடப்பவருக்கு அது கவலைதான், சன்னலில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். டர்பண்டைன் வாடை தலைவலி தரும். வாடை குறைந்த கரைப்பானைப் பயன்படுத்தும்படியும், காற்று வெளியேற வழி வைக்கும்படியும் கேளுங்கள்.

ஐரோப்பியப் பாடப் புத்தகங்கள் வடக்குச் சன்னல் வெளிச்சத்தை உயர்த்திச் சொல்லும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் அந்தச் சன்னலிலேயே வெயில் இறங்கும். சனி மாலை, ஞாயிறு காலை என்று மாறி மாறி உட்காரும் உங்களுக்கு இயற்கை வெளிச்சம் ஒத்துவராது. திரையை மூடி, 5000 கெல்வின் அளவில், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. அளவு 95க்கு மேல் உள்ள ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கை ஒரு பக்கத்திலிருந்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு விளக்கு வைத்தால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்து உடம்பு தட்டையாகும்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள், முதல் இரண்டு அமர்வுக்காவது. கணவரைவிடத் தோழி நல்லது. கணவர் கேன்வாஸை எட்டிப்பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் முகம் மாறும், ஓவியத்தில் அது விழும். துணைக்கு வருபவர் ஓவியருக்குப் பின்னால், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஏதாவது படித்துக்கொண்டிருக்கட்டும். துணை வேண்டாம் என்று மறுக்கும் ஓவியரிடம் போகாதீர்கள். ஓவியர் முஸ்லிம் ஆண் என்றால் துணை கட்டாயம், அப்போது தோழி மட்டும் போதாது, கணவரும் வரட்டும். தம்பதியல்லாத ஆணும் பெண்ணும் தனியிடத்தில் சந்தேகத்துக்கு இடமாக இருப்பதைத் தடுக்கும் ஷரியா சட்டத்தின் கல்வத் விதி உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பூட்டிய அறையில் ஒரு பெண்ணோடு இருந்தாலும் பல பெண்களோடு இருந்தாலும் அவர் மாட்டிக்கொள்ளலாம்.

இடைப்பட்ட வாரங்களில் வேலை செய்ய ஒரு குறிப்புப் படம் வேண்டும் என்று அவர் உண்மையாகவே கேட்கலாம். அதற்கு வழி உண்டு. விமானப் பயன்முறையில் போட்ட உங்கள் கேமராவில் அல்லது கைப்பேசியில், உங்கள் தோழி, மூன்று மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸில் எடுக்கட்டும். உடம்பு தனிப் படமாக, முகம் தனிப் படமாக இருக்க வேண்டும். நீங்களே அச்சடித்து, எண் போட்டுக் கொடுங்கள், ஓவியத்தோடு சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு அவர் கைக்குப் போகக் கூடாது.

இனி ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே இருக்கலாம், ஆனால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே ஓவியத்தின் பதிப்புரிமை போய்ச் சேரும், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. பல நாடுகளில் இது நேர்மாறு. ஆகவே ஓவியர் நீட்டும் தாளில் "பதிப்புரிமை ஓவியருக்கே" என்ற வரி இருந்தால் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டால் கையில் இருந்ததை நீங்களே கொடுத்தவராவீர்கள். தனியாக எழுத வேண்டியவை: ஓவியத்தையோ, அது பாதியில் இருக்கும் நிலையையோ, பயிற்சிக் கோடுகளையோ இன்ஸ்டகிராமில் போடக் கூடாது, கண்காட்சிக்கோ போட்டிக்கோ அனுப்பக் கூடாது. பயிற்சிக் கோடுகள் எல்லாம் உங்களிடம் வரவேண்டும், இல்லையேல் உங்கள் கண்முன் கிழிக்கப்பட வேண்டும். பெயரைப் பின்பக்கம் எழுதக் கூடாது, தலைப்பாகவும் வைக்கக் கூடாது. நடுவில் நீங்கள் நிறுத்திக்கொண்டால் அதுவரையான கூலியைக் கொடுத்துவிட்டுக் கேன்வாஸை எடுத்துப்போகும் உரிமை வேண்டும். பணத்தை 30, 40, 30 விழுக்காடாகப் பிரித்து, கடைசிப் பகுதியைக் கையில் ஓவியம் வந்தபின் கொடுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், கணவர் பெயரில் வேண்டாம். இதைச் சொல்வதால் வருத்தப்படாதீர்கள், சொத்துத் தகராறு வரும் நாளில் யாருடைய உடம்பு என்று யாரும் பார்ப்பதில்லை.

தண்டனைச் சட்டத்தின் 292ஆவது பிரிவு ஆபாசமான படங்களை விற்பது, விநியோகிப்பது, பொதுவில் காட்டுவது, அதற்காக வைத்திருப்பது ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. உங்கள் படுக்கையறைச் சுவர் பொதுவிடம் ஆகாது. நிர்வாணமெல்லாம் ஆபாசம் என்றும் ஆகாது. ஆனால் எது ஆபாசம் என்பதை வழக்கு வந்தபின் நீதிமன்றம்தான் சொல்லும். வெளியே காட்டுவதையும் விற்பதையும் விட்டுவிட்டால் பெரும்பாலான கவலை போய்விடும். இணையத்தில் பரப்புவதற்கு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. வெளிநாட்டில் வரைந்து தருவித்துக்கொள்ளும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். இறக்குமதித் தடைப் பட்டியலில் ஆபாச ஓவியங்களும் உண்டு, சுங்கத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியோடு கலையைப் பற்றி வாதாட முடியாது.

அலமாரிக் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதற்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். இருட்டில் பூட்டிவைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், தோல் நிறமெல்லாம் காமாலை வந்தாற்போல் தெரியும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரங்கள் வைத்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும் என்றாலும், நம் ஊர் ஈரத்தில் மூடிய அலமாரி பூஞ்சையையும் சேர்த்தே கொண்டுவரும். மாதத்தில் பாதி நாள் காற்றோட்டமில்லாமல் கிடப்பது மிக அதிகம். ஆகவே ஓவியம் சுவரிலேயே இருக்கட்டும், பார்வையை மட்டும் மறையுங்கள். ஓவியத்தைவிட நாலு அங்குலம் அகலமான, கதவு வைத்த ஆழமில்லாத மரப் பெட்டி ஒன்றைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் காற்றுத் துளைகள், சிறிய பூட்டு. மூடினால் அது ஓர் அலமாரிக் கதவு, அவ்வளவுதான். மாமியாரோ திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்களோ ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாமியார் ஊருக்குப் போனதும் கதவைத் திறந்துவையுங்கள், இருட்டில் ஏறிய மஞ்சள் வெளிச்சத்தில் தெளியும். வெளிச்சுவர், குளியலறைச் சுவர் இரண்டிலும் மாட்டாதீர்கள், ஈரம் அங்கேதான் ஊறும். ஓவியத்தின் மரச்சட்டத்தின் பின்மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் தக்கை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி வேண்டாம். கரிக்கோல் தாளுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும், ஆனால் தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். வெள்ளிப்பூச்சிக்குத் தாள் என்றால் உயிர்.

பினாங்கிலிருந்து கொண்டுவரக் கூரியர் வேண்டாம், காரில் நீங்களே எடுத்துவாருங்கள். கடைசி அமர்வு முடிந்து குறைந்தது ஒரு மாதமாவது ஓவியரிடமே காயட்டும். வண்ணப் பரப்பில் குமிழ் நெகிழியைச் சுற்றாதீர்கள், ஒவ்வொரு குமிழும் அச்சுப் பதிக்கும். மூலைகளில் அட்டை முக்கோணம் வைத்து, பரப்பைத் தொடாதபடி ஒரு தட்டைப் பெட்டியில் நிறுத்திவையுங்கள். நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்வுத்தளத்தில் சாப்பிட இறங்கினால் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு அரட்டையடிக்க வேண்டாம். மூடிய கார் கொதிக்கும், இளம் வண்ணப் படலம் அந்தச் சூட்டில் இளகி, பட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

வார்னிஷ் உடனே போடக் கூடாது. வழக்கமான டாமர் வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை பொறுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓவியர் உங்கள் வீட்டுக்கு வருவாரா, ஓவியத்தைத் திரும்ப அவரிடம் கொண்டுபோக வேண்டுமா, கூலி எவ்வளவு என்பதை இப்போதே கேட்டு அந்த ஒரு பக்கத் தாளில் எழுதிவிடுங்கள்.